பெயரை மாற்றிக்கொண்டு கப்பலேறிய முன்னோரைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

அக்கரைச் சீமைக்குப் போனவர் ஒருவரைப் பற்றிய பேச்சு நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. கொள்ளுத்தாத்தாவின் தம்பி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார், பாட்டியின் பெரியப்பா மொரீசுக்கு (மொரீஷியஸ் தீவுக்கு)ப் போனார், இரண்டு கடிதம் வந்தது, அதற்குப் பிறகு தகவல் இல்லை என்று கதை நின்றுவிடும். தேடத் தொடங்குகிறவர்கள் அவருடைய பெயரை எடுத்துக்கொண்டு கப்பல் பட்டியல்களில் துழாவுவார்கள். அந்தப் பெயர் அங்கே இருக்காது, அல்லது அதே பெயரில் நாற்பது பேர் இருப்பார்கள். என் தாத்தாவின் அண்ணனைத் தேடி நாங்கள் ஆறு ஆண்டுகள் இப்படித்தான் அலைந்தோம். அவர் தம் பெயரில் போகவேயில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பெயரைத் துரத்தாதீர்கள். பெயரை மாற்றிக்கொண்டவராலும் மாற்ற முடியாதவை சில உண்டு. உயரம், உடம்பில் இருந்த தழும்பு, புறப்பட்ட காலம், கூடப் போனவர்கள், அரசாங்கம் அவருக்குக் கொடுத்த எண் ஆகியவை அவை. அவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் பெயர் கடைசியில் தானாக வந்து சேரும்.

பொய்ப் பெயரா, திரிந்த பெயரா?

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் "பெயரை மாற்றிக்கொண்டார்" என்று நாம் நினைப்பவற்றில் பெரும்பகுதி அவர் மாற்றியதே அல்ல. தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி மூன்சாமி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். ஆங்கில எழுத்தர் உகரத்துக்கு இரண்டு "ஓ" போட்டார். பிரெஞ்சு எழுத்தர் அதே ஒலிக்கு "ஓ"வும் "யூ"வும் சேர்த்துப் போட்டார். ஆகவே ஒரே ஊர்க்காரர்கள் இருவர், ஒருவர் சென்னையிலிருந்து மொரீசுக்கும் மற்றவர் காரைக்காலிலிருந்து பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கும் போயிருந்தால், அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பெயர்கள் இரண்டு வெவ்வேறு இனத்தாருடையவைபோலத் தோன்றும்.

இன்னொரு திரிபு, தலைமுறை தாண்டும்போது நேர்வது. நம்மிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை; அங்கே அது கட்டாயம். அதனால் முதலில் போனவரின் சொந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் பிள்ளை, நாயுடு, படையாச்சி போன்ற பட்டங்கள் குடும்பப் பெயர்களாயின. அந்தப் பட்டத்தை வைத்து மட்டும் ஒருவருடைய சாதியை முடிவு செய்துவிடக் கூடாது; கப்பலேறும்போதோ கரையிறங்கிய பிறகோ பட்டத்தைத் தாமே சூட்டிக்கொண்டவர்கள் உண்டு.

உண்மையாகவே பெயரை மறைத்தவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. கடன், அடிதடி வழக்கு, வீட்டாருக்குத் தெரியாமல் ஓடியது, தாழ்த்தப்பட்ட சாதி என்ற இழிவிலிருந்து தப்பும் ஆசை ஆகியவை ஆண்களின் காரணங்கள். பெண்களின் நிலை வேறு. நேட்டால், பிஜி போன்ற குடியேற்றங்களுக்கு 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் ஆட்களை அனுப்ப வேண்டும் என்ற விதி இருந்தது. தனியாக வந்த பெண்ணைத் துருவித் துருவி விசாரித்தார்கள். ஆகவே கப்பலேறும் வரை ஆட்களைத் தங்கவைத்த கூடாரத்தில் அறிமுகமான ஒருவரின் மனைவி என்று சொல்லிக்கொண்டு பதிந்தவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் காணாமல்போனவர் ஒரு பெண் என்றால், அவரைத் தனி ஆளாகத் தேடாமல், யாரோ ஒருவரின் "மனைவி" என்ற பதிவிலும் தேடுங்கள். ஊரைவிட்டு ஓடிப்போனவள் என்று பேசப்பட்ட எத்தனையோ பெண்கள் உண்மையில் பசிக்கும் அடிக்கும் தப்பிக் கப்பலேறியவர்கள். அவர்களைத் தேடிக் குடும்ப மரத்தில் மறுபடியும் சேர்ப்பது நாம் செய்ய வேண்டிய கடமை என்றே நான் கருதுகிறேன்.

ஊரில் தொடங்குங்கள்

வெளிநாட்டு ஆவணங்களுக்குப் போவதற்கு முன் ஊரில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் "அவர் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள், பாட்டன் பெயர் என்ன, குலதெய்வம் எது, இறந்துபோன உடன்பிறப்புகள் யார், அவர் எந்தக் கலவரம் அல்லது பஞ்சத்துக்குப் பிறகு போனார், யாரோடு போனார் என்று கேளுங்கள். பொய்ப் பெயர் வைத்துக்கொள்பவர் பெரும்பாலும் வானத்திலிருந்து ஒரு பெயரைப் பறித்துக்கொள்வதில்லை. அவசரத்தில் நாவுக்கு வருவது குலதெய்வத்தின் பெயர், பாட்டன் பெயர், செத்துப்போன தம்பியின் பெயர். வ.வே.சு. ஐயர் 1910இல் இலண்டனைவிட்டுத் தப்பியபோது, பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளுக்கு ஏற்ப "வீர விக்ரம் சிங்" என்று தம்மைச் சொல்லிக்கொண்டார் என்று அவருடைய வரலாற்றில் கூறப்படுகிறது. பழைய பெயரின் ஒரு துணுக்கு புதிய பெயரில் தங்கிவிடும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து எழுத்து ஆவணங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் குடும்ப நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்து, பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களின் நகலைப் பெறுங்கள். ஒரு சகோதரர் ஊரில் இல்லாதபோது பாகம் பிரித்தால், அதற்கு ஒரு காரணம் எழுதியாக வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பத்திரத்தில் "தேசாந்திரம் போய் இருக்குமிடம் தெரியாதவரான" என்ற தொடரும், அவர் போய் எத்தனை வருடமாயிற்று என்ற குறிப்பும் இருந்தன. அந்த ஒரு வரி எங்கள் தேடலை ஐந்தாண்டு இடைவெளிக்குள் சுருக்கியது. கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு இன்னும் நல்ல சான்று. அதில் பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே இருக்கக்கூடும்.

பரணிலுள்ள பொருள்களையும் இறக்கிப் பாருங்கள். பழைய படமாக இருந்தால் சட்டத்திலிருந்து பிரித்து, பின்புறத்தில் புகைப்பட நிலையத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடித உறை இருந்தால், உள்ளே இருக்கும் எழுத்தைவிட அஞ்சல் முத்திரையே முக்கியம்; எந்தச் சிற்றூரின் அஞ்சலகம் என்பது தோட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். பித்தளைப் பாத்திரங்களில் வெட்டியிருக்கும் பெயர்களையும் எழுத்துகளையும் துலக்கிப் படம் எடுத்து வையுங்கள்.

காலமும் துறைமுகமும்

எந்த நாட்டுக்குப் போனார் என்று தெரியாவிட்டால், போன காலமே பாதி விடை தரும். மொரீசுக்கு ஒப்பந்தக் கூலிகள், அதாவது குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள், 1834 முதல் போனார்கள். மொத்தம் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். நேட்டாலுக்கு முதல் கப்பலான ட்ரூரோ, 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் சேர்ந்தது. 1911இல் நிறுத்தப்படும் வரை அங்கே போன 1,52,184 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். பிஜிக்கு 1879 முதலே கப்பல்கள் போனாலும், சென்னையிலிருந்து 1903க்குப் பிறகுதான் ஆட்கள் அனுப்பப்பட்டார்கள்; 1916இல் அது முடிந்தது. ஆகவே 1880களில் போன தமிழரைப் பிஜிப் பட்டியலில் தேடுவது வீண் உழைப்பு. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் வாயில்கள்.

இலங்கை, பர்மா, மலாயா ஆகியவை வேறு வகை. அங்கே கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) வழியாகவும் சொந்தச் செலவிலும் போனவர்கள் அதிகம் என்பதால், ஆளுக்கு ஒரு பதிவு என்பது பெரும்பாலும் கிடைக்காது. மலாயாவில் 1942க்கும் 1945க்கும் இடையில் தடம் அறுந்தால், ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

எண்தான் உண்மையான பெயர்

ஒப்பந்தத்தில் போனவருக்கு அந்தந்தக் காலனி அரசு ஓர் எண் கொடுத்தது. அவர் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் அந்த எண் கூடவே வரும். நேட்டாலிலும் மொரீசிலும் பிள்ளை பிறந்தபோது, திருமணம் நடந்தபோது, இறப்பு நேர்ந்தபோது எழுதப்பட்ட பல பதிவுகளில் பெற்றோரின் அல்லது இறந்தவரின் எண்ணையும் குறித்தார்கள். அதனால் அக்கரையில் இருப்பவர்கள் தேடினால் பாதை எளிது: தாத்தாவின் பிறப்புப் பதிவில் தொடங்கி, அவருடைய தகப்பனாரின் எண்ணைப் பிடித்து, கப்பல் பட்டியலுக்குப் போய், ஊரை அடையலாம். நாம் இங்கிருந்து தேடுகிறோம் என்பதால் எதிர்த்திசையில் போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் இலக்கு அந்த எண்தான்.

நேட்டாலின் கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றிலிருந்து கணினித் தரவாக்கிய தொகுப்பைக் குவாசுலு–நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம் வைத்திருக்கிறது. மொரீசின் குடியேற்ற ஆவணங்கள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பிஜியின் குடியேற்றச் சீட்டுகள் சுவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சுத் தீவுகளின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை, எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரிலுள்ள பிரெஞ்சு கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் தளத்தில் கட்டணமின்றிப் படமாகவே பார்க்கலாம்.

மொரீசில் ஒரு கூடுதல் வசதி உண்டு. தொழிலாளி ஒருவரின் அடையாளச் சீட்டை இன்னொருவர் பயன்படுத்துவதைத் தடுக்க, 1860களில் சீட்டில் புகைப்படம் ஒட்டும் முறை அங்கே வந்தது. பெயரை நம்ப முடியாது என்று அன்றைய அதிகாரிகளே ஒப்புக்கொண்டதன் விளைவு அது. அடக்குமுறைக்காக எடுத்த அந்தப் படங்களே இன்று கொள்ளுப்பேரன்களுக்குக் கிடைக்கும் ஒரே முகமாக இருக்கின்றன.

ஒருவருக்கு இரண்டு எண்கள் இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பி, மறுபடியும் கப்பலேறியவருக்குப் புதிய எண் கிடைத்திருக்கும். இரண்டாம் முறை வேறு பெயரிலும் போயிருக்கலாம்.

ஒரு சீட்டை வரி வரியாக வாசித்தல்

பிஜி போன்ற இடங்களுக்குப் போனவர்களின் குடியேற்றச் சீட்டு ஒற்றைத் தாள். மேலே கப்பலின் பெயரும் கூடார எண்ணும் இருக்கும். அதன் கீழே பதிவு நடந்த இடமும் நாளும், பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, நெருங்கிய உறவினர் பெயர், மணமாகியிருந்தால் துணையின் பெயர், ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம், உயரம் ஆகியவை வரிசையாக இருக்கும். இந்த வரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நம்பகத்தன்மை கிடையாது.

பெயர், சாதி, மணநிலை ஆகிய மூன்றும் அவர் வாயால் சொன்னவை. பொய் சொல்லக் காரணம் இருந்தவை. வயது குத்துமதிப்பு, எட்டு வயது வரை முன்பின் இருந்தாலும் நான் ஒதுக்குவதில்லை. தகப்பன் பெயர் விசித்திரமான இடம்: தன் பெயரை மாற்றியவர்களும் தகப்பன் பெயரை மாற்ற மறந்துவிடுவார்கள், அல்லது மாற்ற மனம் வராமல் விட்டிருப்பார்கள். நெருங்கிய உறவினர் பெயரும் அப்படியே. செத்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்கும்போது, மனிதர்கள் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். உயரமும் உடல் அடையாளமும் எழுத்தர் தாமே பார்த்து எழுதியவை. வலது முழங்கையில் பச்சை, இடது கணுக்காலில் தழும்பு, நெற்றியில் தீக்காயம் என்று இருக்கும். "சின்ன வயதில் கிணற்று மேட்டில் விழுந்து புருவம் கிழிந்தவர்" என்று பாட்டி சொன்ன கதை, அந்த ஒரு வரியில் நூறு வருடம் கழித்து உங்கள் கண்முன் நிற்கும்.

ஊர்ப் பெயரை வாசிப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். ஜில்லா என்று எழுதியிருப்பது அன்றைய எல்லை. வட ஆர்க்காட்டின் சில வட்டங்கள் 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்துக்குப் போயின. திருத்தணி 1960இல்தான் நம் பக்கம் திரும்பி வந்தது. ஆகவே "வட ஆர்க்காடு" ஜில்லா என்று எழுதியிருக்கும் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம். அந்தக் கால மாவட்ட வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு, எழுதியிருக்கும் ஒலிக்கு ஏற்ற ஊர்களை எல்லாம் தனியே குறித்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

கணினித் தொகுப்பில் தேடும்போது முதல் எழுத்தை நம்பாதீர்கள். சின்னசாமி "எஸ்" வரிசையிலும் "சி" வரிசையிலும் இருப்பார். கோவிந்தன் "ஜி", "சி", "கே" மூன்றிலும் இருப்பார். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, ஊரையும் தகப்பன் பெயரையும் மட்டும் கொடுத்துத் தேடுவதே நான் கண்டவரை பலன் தருவது.

கூடப் போனவர்களைத் தேடுங்கள்

எந்தக் கிராமத்திலிருந்தும் ஒருவர் மட்டும் தனியாகப் போவது குறைவு. பங்காளி, மாமன் மகன், அதே தெருக்காரர் என்று கூட்டமாகவே போனார்கள். அடுத்தடுத்த எண்களில் பதிவானார்கள். உங்களவர் பெயரை மறைத்திருந்தாலும், கூடப் போன நான்கு பேரும் மறைத்திருக்க வாய்ப்பில்லை. அவர்களில் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால், அவருடைய எண்ணுக்கு முன்னும் பின்னும் இருக்கும் இருபது பேரின் பதிவுகளையும் படியுங்கள். எங்களுடையவர் அப்படித்தான் அகப்பட்டார்: பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணுக்கு மூன்று எண்கள் தள்ளி, அதே ஊர், அதே தகப்பன் பெயர், ஆனால் பெயர் மட்டும் குலதெய்வத்தின் பெயர்.

அக்கரையில் விட்ட தடங்கள்

கரையிறங்கிய பிறகு எழுந்த ஆவணங்களில் மிகச் சிறந்தவை இறந்தவரின் சொத்துக் கோப்புகள். நேட்டாலில் சிறிதளவு உடைமையோடு இறந்தவருக்கும் ஒரு கோப்பு திறக்கப்பட்டிருக்கலாம். அதிலுள்ள இறப்பு அறிக்கையில் பிறந்த இடம், பெற்றோர், மனைவி மக்கள் ஆகிய விவரங்கள் கேட்டு எழுதப்பட்டிருக்கும். "இன்ன பெயராலும் அறியப்படும்" என்று இரண்டு பெயர்களையும் சேர்த்து எழுதும் வழக்கமும் உண்டு. சொத்துக்காக வாரிசுகள் உண்மையைச் சொல்லியாக வேண்டிய இடம் அது. 1846 முதல் 1950 வரையிலான நேட்டாலின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சொத்துக் கோப்புகளைக் குடும்ப வரலாற்றுத் தளமான ஃபேமிலிசர்ச்சில் இலவசக் கணக்கு தொடங்கிப் பார்க்கலாம்.

மலாயா, சிங்கப்பூர் தொடர்புள்ளவர்களுக்குப் பழைய நாளிதழ்கள் துணை. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு உள்ளிட்ட இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கிறது. பெயர் மாற்ற அறிவிப்பு, காணாமல்போனவரைத் தேடும் விளம்பரம், மரண அறிவித்தல் ஆகியவற்றை அங்கே தேடலாம். மாரியம்மன் கோயில்களின் நன்கொடைக் கல்வெட்டுகளையும் விட்டுவிட வேண்டாம். அரசாங்கத்திடம் மறைத்த ஊர்ப் பெயரைத் தெய்வத்தின் முன் சொல்லியிருப்பார்கள்.

மரபணுச் சோதனை எவ்வளவு உதவும்?

பெயர் மாறினாலும் மரபணு மாறாது என்பதால் பலர் நேரே இதற்கு வந்துவிடுகிறார்கள். இது நல்ல கருவிதான். ஆனால் நம் குடும்பங்களில் எச்சரிக்கையோடு கையாள வேண்டிய கருவி. பொதுவாக இரண்டு விட்ட உறவில், அதாவது ஒரே கொள்ளுத்தாத்தாவின் கொள்ளுப்பேரர்களிடையே, சராசரியாக மூன்று விழுக்காடு அளவுக்கு மரபணு பொதுவாக இருக்கும். அடுத்த தலைமுறையில் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். அத்தை மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாக மணந்த குடும்பங்களில் இந்தக் கணக்கு பொருந்தாது. பல வழிகளில் உறவாக இருப்பவர்கள் உண்மையைவிட நெருங்கியவர்களாகத் தெரிவார்கள். ஆண்வழிக் குரோமோசோம் (ஒய் குரோமோசோம்) சோதனை இந்தக் குழப்பத்துக்கு அப்பாற்பட்டது. தகப்பன் வழியில் நேராக வரும் ஆண்கள் இருபுறமும் கிடைத்தால், அதைச் செய்யச் சொல்வேன். எது செய்தாலும் குடும்பத்தின் மூத்த தலைமுறையிடம் முதலில் மாதிரி எடுங்கள். அவர்கள் முழு மனத்தோடு சம்மதித்த பிறகே எடுங்கள்.

எப்போது "இவர்தான்" என்று சொல்லலாம்?

ஒரு தாளில் இரண்டு பத்திகள் கோடிடுங்கள். இடப்பக்கம் ஊரில் காணாமல்போனவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை. வலப்பக்கம் அக்கரையில் கிடைத்தவரைப் பற்றித் தெரிந்தவை. பெயர் வரியைக் கையால் மூடிக்கொண்டு மற்றவற்றை ஒப்பிடுங்கள். ஒன்றையொன்று சாராத மூன்று செய்திகளாவது, ஊர், தகப்பன் பெயர், தழும்பு என்பதுபோல, பொருந்த வேண்டும். முரணான ஒன்றும் இருக்கக் கூடாது. ஊரில் நிலம் விற்ற பத்திரத்தில் அவரே கையெழுத்திட்ட அதே மாதத்தில் அக்கரைக்காரர் கரும்புத் தோட்டத்தில் இருந்தார் என்றால், மற்றவை எல்லாம் பொருந்தினாலும் அவர் வேறு ஆள். ஆசையினால் அந்த முரணை விளக்கிக் கழித்துவிடுகிறவர்கள், வேறொரு குடும்பத்தின் முன்னோரைத் தம் மரத்தில் எழுதிவிடுகிறார்கள். அதை நம்பி அடுத்த தலைமுறையும் தொடரும்.

அக்கரை உறவினருக்கு எழுதும் முதல் கடிதம்

கண்டுபிடித்த மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டிவிடாதீர்கள். ஊரில் மனைவியும் பிள்ளையும் இருக்க, அங்கே வேறு பெயரில் இன்னொரு குடும்பம் அமைத்தவர்கள் பலர். அங்கிருப்பவர்கள் தம் கொள்ளுத்தாத்தாவை ஒரு பெயரில், ஒரு சாதியில், ஒரு கதையில் அறிந்து வளர்ந்தவர்கள். முதல் கடிதத்தில் உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, எண்ணையும் கப்பலையும் ஊரையும் மட்டும் சொல்லி, மேற்கொண்டு தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேளுங்கள். நிலத்தில் பங்கு கேட்டு வரும் நோக்கம் உங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இருக்கும் என்று நீங்கள் அஞ்சவில்லை என்பதை மென்மையாக உணர்த்திவிடுங்கள். அவர்கள் ஆங்கிலமோ பிரெஞ்சோ மட்டும் அறிந்தவர்களாக இருக்கலாம். அந்த மொழியிலேயே எழுதுங்கள்.

நாங்கள் எழுதிய கடிதத்துக்கு ஐந்து மாதங்களுக்குப் பிறகு பதில் வந்தது. அதில் இருந்த முதல் கேள்வி, தங்கள் வீட்டில் ஆடி மாதம் பெயர் தெரியாமல் கும்பிட்டுவரும் கல் எந்தத் தெய்வத்துக்கு உரியது என்பதுதான்.